தோற்கிறவனின் கழுத்து

குஸ்தி நடுவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, எப்போது பார்க்கக் கூடாது என்பதைத்தான். வில்லன் இடுப்பிலிருந்து இரும்புக் காப்பை உருவும்போது நடுவரின் ஷூ கயிறு அவிழ்ந்திருக்க வேண்டும். நாற்காலி ஒருவன் முதுகில் இறங்கும்போது அவர் எதிர் மூலையில் யாரையாவது அதட்டிக்கொண்டிருக்க வேண்டும். "பின்னாடி பாருய்யா, கண்ணு அவிஞ்சு போச்சா" என்று அரங்கமே எழுந்து நின்று கத்தும். அவர் திரும்ப மாட்டார். இப்படிப் பார்க்காமல் இருந்தே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை வைத்து எல்லோரும் அவரை வரிக்குதிரை என்றார்கள். தெருவில் போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. அவர்களுக்கு அவர் மனதுக்குள் வைத்திருந்த பெயர்கள் இதைவிடக் கேவலமானவை.

அரங்கம் என்பது பழைய டயர் கிடங்கு. வெயில் ஏறினால் இன்னமும் ரப்பர் வாடை வரும். நடுவே சதுர மேடை. நாலு மூலையிலும் கம்பம், சுற்றிலும் மூன்று வரிசைக் கயிறு. மேடைப் பலகைக்கு அடியில் ஒரு மைக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆள் விழுந்தால் மலை சரிந்தது போல் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் போதும், குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வரிக்குதிரை மேடையில் நின்று அவர்களைப் பார்ப்பார். இதை நிஜமென்று நம்புகிறவன் முட்டாள். பொய்யென்று தெரிந்தும் டிக்கெட் வாங்கி வந்து, "எல்லாம் பேசி வெச்சதுங்க" என்று ஏதோ கண்டுபிடித்துவிட்டவன் போலப் பக்கத்து நாற்காலிக்காரன் காதில் சொல்கிறானே, அவன் அதைவிட முட்டாள். அப்படிச் சொன்னவனே பத்து நிமிடத்தில் தொண்டை கிழியக் கத்துவான்.

அவர் ஒரு காலத்தில் நிஜமாகவே குஸ்தி போட்டவர். மரக்கடைக்குப் பின்னால் இருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் பழகி, ஒரு வருடம் பட்டமும் வாங்கினார். இறுதி ஆட்டத்தில் எதிராளியின் கணுக்காலைப் பிடித்தவர் விடவே இல்லை. அவனும் அசையவில்லை, இவரும் அசையவில்லை. பார்க்க வந்திருந்த கொஞ்சப் பேரில் பாதி எதிராளியின் உறவுக்காரர்கள்; அவர்களே எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். நீதிபதிகளில் ஒருவர் தூங்கிப்போனார். அந்தப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டுதான் அவர் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தார்.

இப்போதைய முதலாளியின் அப்பா அப்போது முதலாளி. அவர் இவருடைய காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மெத்தையில் தேய்ந்து தேய்ந்து காது மடிந்து வீங்கியிருந்தது.

"காது முட்டைக்கோஸ் மாதிரி இருக்கே. நிஜமாவே சண்டை போடுவியா?"

"ஆமாங்க."

"அப்ப நீ இதுக்கு லாயக்கில்ல. கோபம் வந்தா எவன் கையையாவது ஒடிச்சு வெச்சிடுவே. சட்டை ஒண்ணு தரேன், நடுவரா இரு."

அன்றைக்கு அவருக்குக் கம்பெனியின் சரித்திரம் முழுவதும் சொல்லப்பட்டது. பெரியவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார். அவருடைய அப்பா கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றியவர். "எங்க பயில்வானை எதிர்த்து இந்த மெழுகுவத்தி எரிஞ்சு முடியற வரைக்கும் நிக்கிறவனுக்குப் பரிசு" என்று வாசலில் கூவுவார். கூட்டத்திலிருந்து முதலில் ஒரு நோஞ்சான் கையைத் தூக்குவான். அவன் கம்பெனி ஆள். அவனைப் பயில்வான் துணி உதறுவது போல் உதறிப் போடுவான். அவமானத்தில் ஊர்க்காரன் ஒருவன் நிஜமாகவே மேலே ஏறுவான். அவன் பலசாலியாக இருந்துவிட்டால், பயில்வான் அவனைத் தள்ளிக்கொண்டே பின்பக்கத் திரை வரைக்கும் போவான். திரைக்குப் பின்னால் ஒருவன் கட்டையோடு நிற்பான்.

அப்புறம் கூடாரம் போய் வாடகைக் கொட்டகை வந்தது. இரண்டு நிஜப் பயில்வான்களை மோதவிட்டுப் பார்த்தார்கள். மாடு படுத்த மாதிரி ஒருவன் மேல் ஒருவன் படுத்துக் கிடந்தான். மேலே கிடப்பவன் யார் என்றுகூடத் தெரியவில்லை. ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். ஆட்டத்தைச் சுருக்க வேண்டும். சுருக்க வேண்டுமென்றால் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லியாகிவிட்ட பிறகு ஜெயிப்பவனுக்குக் குஸ்தி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் என்ன? நல்ல தொடையும் முடியும் இருந்தால் போதாதா? இப்படியே முகமூடி வந்தது, வில்லன் வந்தான், டிவி வந்தது. டிவிக்காரர்கள் கிட்டத்தில் முகம் வேண்டும் என்றார்கள். பயில்வான்கள் முகத்தைக் கோணிக்கொள்ளக் கற்றார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் பெரியவருக்கு ஒரு மானம் இருந்தது. இது நாடகம் என்று யாராவது வாய் திறந்தால் பல்லை உடைக்க ஆள் வைத்திருந்தார். இப்போதைய முதலாளியான மகன் அதையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். விளையாட்டுத் துறைக்காரர்கள் வந்து, இது விளையாட்டு என்றால் ஆட்டத்துக்கு ஒரு டாக்டர் கட்டாயம், பயில்வான்களுக்கு உடல் பரிசோதனை கட்டாயம் என்றார்கள். மகன் சிரித்தான். "சார், இது விளையாட்டே இல்ல. பொழுதுபோக்கு. மேஜிக் ஷோவுக்கு டாக்டர் வேணுமா?" துறைக்காரர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவர்களோடு, பெரியவர் காலத்திலிருந்து வந்துகொண்டிருந்த டாக்டரும் போனார். வெள்ளைக் கோட்டு மட்டும் ஆணியில் தொங்கியது. அதைக் கம்பெனி எலக்ட்ரீஷியனுக்கு மாட்டிவிட்டார்கள்.

வரிக்குதிரை வேலையை விட்டுவிட்டுப் போகாததற்குக் காரணம் அவருடைய தம்பி.

தம்பிக்கு மேடையில் பெயர் மூட்டை. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. கம்பெனியில் தோற்பதற்கென்றே இருந்தவன் அவன். வாராவாரம் வேறு வேறு நாயகர்கள் அவனைத் தூக்கிப் போட்டார்கள். அவன் விழுகிற அழகுக்காகவே அவர்கள் பலசாலிகளாகத் தெரிந்தார்கள். முகவாயை நெஞ்சில் ஒட்டவைத்து, மூச்சை வெளியே விட்டு, முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் படும்படி விழுந்து, இரண்டு கையாலும் மெத்தையை அறைவான். முகவாய் மட்டும் நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் தலை முதலில் போகும். மூட்டை விழுந்து எழுந்தால் முன்வரிசைக் கிழவிகள் அவன்மேல் துப்புவார்கள். அவன் அதைத் துடைத்துக்கொண்டே சந்தோஷமாக உள்ளே வருவான். "இன்னிக்கு செம திட்டுண்ணே" என்பான். அண்ணனுக்கு உலகத்தில் எல்லோரையும்விட இவன்மேல்தான் இளக்காரம் அதிகம். ஆனாலும் மற்ற யாரையும் அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் கையைப் பிடித்துப் பார்த்ததில்லை.

அது ஒரு வழக்கம். கம்பெனியில் பொய்யில்லாத ஒரே விஷயம் அதுதான். பலமாக விழுந்தவனிடம் நடுவர் குனிந்து, பிடியைச் சோதிப்பது போல அவன் கையை ஒருமுறை அழுத்துவார். அவன் பதிலுக்கு அழுத்தினால் சரி, ஆட்டம் தொடரும். "முடிச்சுக்கோ", "இன்னும் கொஞ்சம் இழு" என்று முதலாளியின் செய்தியையும் அந்த நேரத்தில்தான் காதில் போடுவார். பதில் அழுத்தம் வராவிட்டால் அவர் எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைப்பார். அதற்குக் கத்திரி என்று பெயர். கத்திரியைப் பார்த்ததும் எதிராளி விலகி நிற்க வேண்டும். விளக்குகளைப் போட வேண்டும். ஆட்டம் அங்கேயே நிற்க வேண்டும். பெரியவர் காலத்தில் யாருக்கும் கத்திரியோடு விளையாடத் தைரியம் வந்ததில்லை.

மூட்டைக்குக் கழுத்து வலி வந்து விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தபோது, அவன் மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். அவள் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். பேச்சும் இஸ்திரிப் பெட்டி மாதிரிதான், சூடாகவும் நேராகவும் இருக்கும். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்தெலும்பு இரண்டு இடத்தில் தேய்ந்து நரம்பை இடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை தலைகுத்தி விழுந்தால் இரண்டு கையும் போய்விடும் என்றார்.

"விழமாட்டேன் டாக்டர்," என்றான் மூட்டை.

"உங்க தொழிலே அதானே," என்றார் டாக்டரம்மா.

அவன் விலகிக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னான். முதலாளி அவன் தோளில் கை போட்டு, கண்கலங்கி, கடைசியாக ஒரே ஒரு ஆட்டம் என்றார். கம்பெனியின் பெரிய நாயகன் இடிமன்னனோடு. அதில் மூட்டை ஜெயிப்பான்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க அண்ணனுக்கே கூசியது.

"ஜெயிக்க வெக்கிறாங்களா உன்னை?" என்றார்.

"ஆமாண்ணே. இடிமன்னனை. மூணு எண்ணற வரைக்கும் அமுக்கி."

"எண்ணப்போறது யாரு?"

"நீதான்."

"நான் எண்ணுவேன்னு முதலாளி சொன்னதால நீ ஜெயிச்ச மாதிரி இருக்கும். நீ படுத்தா அவன் மேல விழுவான், அவன் படுத்தா நீ மேல விழுவே. இதுல எவன்டா ஜெயிக்கிறது?"

"உனக்குச் சொன்னா புரியாது. நீ ஒரு தடவையாவது ஜெயிச்சவன்."

"ஏங்க," என்றாள் அவன் மனைவி, "ஜெயிச்சுட்டு வந்து சாப்பாட்டை நானா ஊட்டிவிடணும்? கை போயிடும்னு சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

"ஒரே ஆட்டம். தலையில விழற மாதிரி எதுவும் கிடையாது. ஒரே ஒரு தோள்வீச்சு, அதுவும் முதுகுல."

அவள் வரிக்குதிரையைப் பார்த்தாள். "மாமா, நீங்க மேடையில இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்."

"அப்ப உங்களை நம்பித்தான் அனுப்பறேன். இந்த மனுசனை நம்பி இல்ல."

சரி என்று தலையாட்டினார். பிறகு தலையாட்டியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

இதற்கிடையில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்திருந்தது. கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. நாற்காலி அடிக்கு இப்போது யாரும் எழுந்து நிற்பதில்லை. ஆனால் முன்பு எப்போதோ ஒருமுறை கத்திரி விழுந்தபோது அரங்கம் மூச்சடங்கிப் போனதை அவர் பார்த்திருந்தார். அந்த அமைதி அவருக்குப் பிடித்துவிட்டது. அது வாரா வாரம் வேண்டும் என்றார்.

"கத்திரியை ஆட்டத்துல சேக்க மாட்டேன்," என்றார் வரிக்குதிரை.

"ஏன்?"

"அது நிஜம்."

முதலாளி அவரைக் கருணையோடு பார்த்தார். "வரிக்குதிரை, நம்ம கம்பெனியில நிஜம்னு ஒண்ணை வெச்சிருந்தா அதை ஏன் இத்தனை நாள் சும்மா வெச்சிருந்தோம்? விக்க வேண்டியதுதானே?"

அடுத்த ஞாயிறு, கத்திரி போடுகிற ஆட்டத்துக்கு மட்டும் வேறு ஒருவர் கோடு போட்ட சட்டையோடு வந்தார். முடி வெட்டுகிறவர், விடுமுறை நாளில் நடுவர் வேலை. அவர் கத்திரி போட்டார். இடிமன்னன் கண்ணை மேலே செருகிக்கொண்டு கிடந்தான். எலக்ட்ரீஷியன் வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்து அவன் நெற்றியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அரங்கம் அழுதது. இடிமன்னன் ஸ்ட்ரெச்சரிலிருந்து குதித்து எழுந்தான். கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி சத்தம். அதற்கடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரம் கத்திரி விழுந்ததும் முன்வரிசையில் ஒரு குடும்பம் கைதட்டி, "இப்ப எழுந்திருப்பான் பாரு" என்று குழந்தைக்குக் காட்டிக்கொடுத்தது.

மூட்டையின் கடைசி ஆட்டத்தன்று வரிக்குதிரை இடிமன்னனைத் தேடிப் போனார். உடை மாற்றும் அறையில் ஒரே ஒரு கண்ணாடி, அது இடிமன்னனுடையது. அவன் மாருக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். பார்க்கத் தேக்குமரம் மாதிரி இருப்பான்; ஊசி என்றால் மயங்கி விழுவான். குஸ்தியில் ஒரு பிடிகூடத் தெரியாது. ஆனால் கெட்டவன் இல்லை. வரிக்குதிரை மதித்த அளவுக்கு அவனும் அவரை மதித்தான் என்று சொல்ல முடியாது. அவன் அதிகமாகவே மதித்தான்.

"தம்பி, ஒரு விசயம். இன்னிக்கு நான் கத்திரி போட்டா அது நிஜம். ஆட்டம் இல்ல. உடனே விலகிடணும்."

"சரிண்ணே."

"என் தம்பி கழுத்து. விளையாட்டு இல்ல."

"புரியுதுண்ணே."

இடிமன்னனுக்கு என்ன புரிந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வரிக்குதிரை போன கையோடு முதலாளி வந்து அவனிடம் சொன்னார்: இன்றைக்குக் கத்திரி உண்டு, கத்திரி விழுந்த பிறகும் நீ நிற்காதே, கம்பத்தில் ஏறி மூட்டைமேல் குதி, கடைசி நொடியில் அவன் உருண்டு தப்பித்து உன்னை அமுக்குவான். அவனுக்கும் வரிக்குதிரைக்கும் நான் சொல்லிக்கொள்கிறேன். இருவருக்கும் அவர் சொல்லவில்லை, மறந்துபோனார். ஆனால் இடிமன்னன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கணக்காகப் போட்டுக்கொண்டான். இந்தத் தொழிலில் நல்ல நடிகன் தன்னோடு நடிப்பவனிடமும் நடிப்பான். அப்போதுதான் அவன் முகத்தில் நிஜமான திகைப்பு வரும். அண்ணன் தன்னிடம் வந்து தழுதழுத்தது அதற்காகத்தான் என்று முடிவு செய்தான். "வரிக்குதிரை அண்ணன் மாதிரி யாருக்கும் வராதுய்யா" என்று எலக்ட்ரீஷியனிடம் வியந்துகொண்டே மேடைக்குக் கிளம்பினான்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. நன்றாக என்றால் வழக்கமான கேவலத்தோடு. மூட்டை இரும்புக் காப்பை எடுத்தான். வரிக்குதிரையின் ஷூ கயிறு அவிழ்ந்தது. இடிமன்னன் உறுமினான். பின்வரிசையில், முதல் தடவையாகப் புருஷனின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த மூட்டையின் மனைவி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தோள்வீச்சுக்கு இடிமன்னன் அவனைத் தூக்கினான். மூட்டை முகவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டான். அப்போது யாரோ கைதட்டினார்கள். இது அவனுக்குக் கடைசி ஆட்டம் என்று வெளியே தெரிந்திருந்தது. ஒருவர் தட்ட, பக்கத்தில் இருந்தவர் தட்ட, இத்தனை காலமும் அவன்மேல் துப்பிய முன்வரிசைக் கிழவிகள் எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தரத்தில் இருந்த மூட்டை அவர்களைப் பார்ப்பதற்காக நிமிர்ந்தான்.

பலகைக்கு அடியில் இருந்த மைக் பெரிய சத்தம் போட்டது. கைகள் மெத்தையை அறைகிற சத்தம் மட்டும் அதில் இல்லை.

வரிக்குதிரை குனிந்து கையை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அது வேறு யாரோ விட்டுவிட்டுப் போன கையுறை மாதிரி இருந்தது.

"டேய்."

"கை எங்கண்ணே இருக்கு?" என்றான் மூட்டை மெதுவாக. கண் திறந்தே இருந்தது.

அவர் எழுந்து கத்திரி போட்டார்.

அரங்கம் ஆரவாரித்தது. முன்வரிசைக் குழந்தை ஒன்று அவரைப் பார்த்துத் தானும் கையைக் குறுக்கே வைத்துக் காட்டியது. எலக்ட்ரீஷியன் கோட்டை மாட்டிக்கொண்டே ஓடிவந்து, வழக்கம்போலக் கயிற்றில் தடுக்கி விழுந்து சிரிப்பு வாங்கினார்.

"நிஜம்யா. போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

எலக்ட்ரீஷியன் ஒரு கண்ணைச் சிமிட்டி, "பிரமாதம்ண்ணே, இதே அளவுல வெச்சுக்குங்க" என்று உதடசையாமல் சொன்னார்.

வரிக்குதிரை திரும்பினார். இடிமன்னன் மூலைக் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தான். மேல் கயிற்றில் ஒரு கால் வைத்துவிட்டான். கீழே மூட்டை மல்லாந்து கிடந்தான்; அவன் உருள மாட்டான்.

அவர் யோசித்ததாகச் சொல்ல முடியாது. மரக்கடைக்குப் பின்னால் பழகிய கை தானாகப் போய் இடிமன்னனின் கணுக்காலைப் பிடித்தது. இழுத்தார். தேக்குமரம் சரிந்தது. விழுந்தவன் எழுவதற்குள் காலைத் தன் கக்கத்தில் கொடுத்து மடக்கிப் படுத்துக்கொண்டார். அரங்கம் பித்துப் பிடித்த மாதிரி எழுந்தது. நடுவரே நாயகனைத் தாக்குவதா? விசில் பறந்தது.

அந்த விசில் கொஞ்ச நேரம்தான். ஏனென்றால் அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர் படுத்துக் கிடந்தார்கள். ஒருவன் அசையவில்லை, இன்னொருவனால் அசைய முடியவில்லை. அந்த டயர் கிடங்கில் இதுவரை நடந்த ஒரே நிஜ குஸ்தி அதுதான். ஜனங்கள் உட்கார்ந்தார்கள். இருமினார்கள். "என்னய்யா தூங்கறாங்க ரெண்டு பேரும்" என்று ஒரு குரல். "எழுந்திருங்கய்யா, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்று இன்னொன்று. ஒரு குடும்பம் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டது.

"ண்ணே," என்றான் இடிமன்னன். குரல் உடைந்திருந்தது. "ண்ணே, நிஜமா வலிக்குதுண்ணே."

"உனக்கு இதுக்கு முன்னாடி எதுவுமே வலிச்சதில்ல. அதான் உனக்குப் புரியல. இப்ப நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குது, கேக்குது."

"அவன் நிஜமா கிடக்கறான். ஆம்புலன்ஸ்னு கத்து."

இடிமன்னன் கத்தினான். மூக்கு ஒழுக, பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தை மாதிரிக் கத்தினான். எலக்ட்ரீஷியனுக்கு அவனைப் பல வருடமாகத் தெரியும். கண்ணில் மருந்து விடாமல் அவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை என்பதும் தெரியும். அவர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனை எடுத்தார். அதற்குள் மூட்டையின் மனைவி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்து கயிற்றுக்கடியில் நுழைந்துவிட்டாள். "யாரும் தொடாதீங்க. தலையைத் தொட்டா கையை ஒடிப்பேன்" என்று சொல்லி, அவன் தலைக்கு இருபுறமும் முழங்காலை ஊன்றி அமர்ந்துகொண்டாள். கூட்டத்தில் யாரோ, "இந்தப் பொண்ணு நல்லா பண்ணுதே, புதுசா?" என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் மூட்டையின் கழுத்தைச் சுற்றி வளையம் போட்டார்கள். கால் இரண்டும் அசைந்தன. கைகள் அசையவில்லை. வீக்கம் வடிந்தால் வரலாம், வராமலும் போகலாம், ஒரு விரல் அசைந்தால்கூட நம்பிக்கை உண்டு என்றார் டாக்டரம்மா. காலையில் வந்து, "முயற்சி பண்ணுங்க" என்பார். மூட்டை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அவன் முயற்சியே செய்யவில்லை என்று மனைவிக்குத் தெரிந்தது. செய்து பார்த்து வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். வீட்டில் சட்டைப் பொத்தானைக்கூட அவன் பயந்து பயந்துதான் போடுவான், மேடையில்தான் பயமில்லாதவன்.

முதலாளி பழக்கூடையோடு வந்தார். மூட்டையை விசாரித்தார். பிறகு வரிக்குதிரையை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க அவன் காலைப் பிடிச்சீங்க பாருங்க, ஆரம்பம் நல்லா எடுபட்டுச்சு. நடுவுலதான் தொய்ஞ்சுபோச்சு. அதைக் கொஞ்சம் சுருக்கி, பழிவாங்கற நடுவர்னு ஒண்ணு..."

வரிக்குதிரை அவருடைய கணுக்காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முதலாளிக்கு அவசர வேலை ஒன்று நினைவுக்கு வந்தது.

உள்ளே வந்தபோது மூட்டை கேட்டான்: "அண்ணே. கடைசியில யாரு ஜெயிச்சா?"

கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் மனைவி கண்ணைக் காட்டினாள். ஒரு வார்த்தைதான். இத்தனை வருடமாகப் பொய்யாக மூன்று எண்ணியவருக்கு அது ஒரு பெரிய காரியமில்லை. அவர் வாயைத் திறந்தார்; வந்தது வேறு.

"ஒருத்தனும் ஜெயிக்கல."

"நான் விழுந்ததும் என்ன பண்ணாங்க?"

"கைதட்டினாங்க. அப்புறம் மறந்துட்டாங்க. நீ கிடந்ததை ஒருத்தன் திரும்பிப் பாக்கல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்து போயிட்டானுங்க. உனக்காக எழுந்து நின்னாளுங்களே கிழவிங்க, அவங்கதான் முதல்ல போனது."

"பொய் சொல்றே."

"நான் எதுக்குடா பொய் சொல்லணும்? அந்த நாலு கிழவிங்களைப் பாக்கறதுக்கா கழுத்தை நிமித்தினே? வாழ்க்கையில ஒழுங்கா தெரிஞ்சது உனக்கு விழறது ஒண்ணுதான். அதையும் கைதட்டலுக்காகக் கோட்டை விட்டுட்டே. உன்னை மாதிரி ஒரு..."

மூட்டையின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. "வெளிய போ" என்றான். தலையைத் திருப்ப முடியவில்லை, தூக்கி அடிக்க ஒன்றுமில்லை, அடிக்கக் கையுமில்லை. போர்வைமேல் கிடந்த வலது கை ஒருமுறை துள்ளியது. விரல்கள் துணியைப் பிறாண்டி, ஒன்றன்மேல் ஒன்று தடுமாறி, முஷ்டியாக மாறப் பார்த்து, பாதியில் நின்றன.

அவன் அதைக் கவனிக்கவில்லை. அண்ணனை முறைத்துக்கொண்டிருந்தான். வரிக்குதிரையும் கவனிக்கவில்லை; தான் சொன்னதற்கு வெட்கப்பட்டு வாசலுக்குத் திரும்பியிருந்தார். மனைவிதான் பார்த்தாள். எழுந்து வந்து அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"மாமா, போகாதீங்க. இன்னும் சொல்லுங்க."

"என்னம்மா சொல்றது? வாய் தவறி..."

"அவர் கையைப் பாருங்க. எதையாவது சொல்லித் திட்டுங்க. நிறுத்தாதீங்க."

அவர் பார்த்தார். போர்வையில் அந்த விரல்கள் இன்னமும் நடுங்கிக்கொண்டிருந்தன. ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தம்பியைப் பற்றி அவரிடம் சொல்வதற்குப் பாதி ஆயுள் அளவுக்கு இருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, அவனுடைய முதல் ஆட்டத்திலிருந்து தொடங்கினார்.